ப, ம, த, ந: தேடி மாற்றும் வேலைக்கு நான் அமைத்துக்கொண்ட விசைகள்

பழைய தமிழ்ப் புத்தகங்களை மின்னூலாக்கும் வேலையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மெய்ப்புப் பார்க்கிறோம். ஸ்கேன் செய்த பக்கங்களை ஓசிஆர் மென்பொருள் எழுத்தாக்கித் தரும். அது விட்ட பிழைகளை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துவது எங்கள் பங்கு. வரிவரியாகப் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் திருத்தினால் ஒரு புத்தகம் முடிய மாதக்கணக்காகும். அதனால் ஒரே வகைப் பிழைகளை முதலில் மொத்தமாகத் தேடி மாற்றிவிடுவோம். படிக்க உட்காருவது அப்புறம்தான். இப்படித் தேடி மாற்றும்போது எந்த விரல் எந்த விசையில் இருக்க வேண்டும் என்பதைச் சரிசெய்ய எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பிடித்தது. அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதும், திருத்தும் யாருக்கும் இது உதவும். எடிட்டர் எனப்படும் உரை திருத்தும் மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு இன்னும் கூடுதலாக உதவும்.

எல்லாம் ஒரு கொம்பில் ஆரம்பித்தது. ‘கௌரவம்’ என்ற சொல்லில் முதல் எழுத்து கௌ. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ககரத்தை அடுத்து ஔகாரக் குறி ஒன்று வரும், அவ்வளவுதான். ஆனால் பலர் தட்டும்போதும், ஓசிஆர் படிக்கும்போதும் இது ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக உடைந்துவிடுகிறது. ஔகாரக் குறியின் பின்பாதி பார்க்க ளகரம் மாதிரியே இருப்பதுதான் காரணம். திரையில் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன என்று விட முடியாது. உடைந்த சொல்லை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைக் ‘கெ ள ரவம்’ என்று மூன்று துண்டாகப் படித்துக்காட்டும்.

சரி, ‘ெள’ வரும் இடத்தையெல்லாம் ‘ௌ’ ஆக்கிவிட்டால் போயிற்று என்று தோன்றும். ‘வெள்ளம்’, ‘தெளிவு’ போன்றவற்றைத் தப்பவிடுவது சுலபம். ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ வேறு குறியோ வந்தால் விட்டுவிடு என்று தேடல் விதியிலேயே சொல்லிவிடலாம். நான் திருத்திக்கொண்டிருந்ததோ வட்டார வழக்கில் எழுதிய கதைத் தொகுப்பு. அதில் ஒரு பக்கத்தில் ‘மெளனம்’ இருக்கும், மறு பக்கத்தில் ‘வெளங்காத பய’ இருப்பான். ‘செளகரியம்’ பிழை, ‘வெளக்கு’ சரி. ‘கெளரவம்’ பிழை, ‘கெளம்பிட்டான்’ சரி. எந்த விதி எழுதினாலும் இவை இரண்டும் ஒரே வடிவம். சொல்லைப் படித்தால்தான் தெரியும். அதாவது ஒவ்வொரு இடத்திலும் ஒரு மனிதர் நின்று பார்த்து, மாற்று அல்லது தவிர் என்று முடிவு சொல்ல வேண்டும். அந்தத் தொகுப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அப்படி இருந்தன.

நான் பயன்படுத்துவது ஈமேக்ஸ். 1985இல் வெளிவந்து இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் எடிட்டர். அதில் ‘கேட்டுக் கேட்டு மாற்றுதல்’ என்றே ஒரு கட்டளை உண்டு. ஆல்ட் விசையோடு சதவீதக் குறியை அழுத்தினால் எதைத் தேட, எதாக மாற்ற என்று கேட்கும். பிறகு கோப்பில் ஒவ்வொரு இடமாகப் போய் நின்று காத்திருக்கும். ‘ஒய்’ அழுத்தினால் மாற்றிவிட்டு அடுத்த இடம். ‘என்’ அழுத்தினால் மாற்றாமல் அடுத்த இடம். ‘க்யூ’ அழுத்தினால் நிறுத்தம். ஆச்சரியக்குறி என்றால் மீதி எல்லாவற்றையும் கேட்காமல் மாற்றிவிடும். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி நான் பார்த்ததில்லை.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். தேடவேண்டியது தமிழ், எனவே விசைப்பலகை தமிழில் இருந்தது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டி என்டர் அழுத்தினேன். ‘கெளரவம்’ பளிச்சென்று நிறம் மாறி நின்றது. ‘ஒய்’ அழுத்தினேன். இன்னொரு முறை ‘ஒய்’. அடுத்தது ‘என்’. கை வேகமாகப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் திரையில் ‘கெளளளலரவம்’ என்று இருக்கிறது. கேள்வி கேட்டுக்கொண்டிருந்த வரியைக் காணோம்.

தமிழ்99இல் ‘ஒய்’ இருக்கும் இடத்தில் ள இருக்கிறது. ‘என்’ இருக்கும் இடத்தில் ல. நான் ‘ஆமாம்’ என்று நினைத்து அழுத்தியது எடிட்டருக்கு ‘ள’ என்று போயிருக்கிறது. ஈமேக்ஸின் கையேட்டைப் புரட்டினேன். தெளிவாகவே எழுதியிருந்தார்கள்: கேள்வி கேட்கும் நேரத்தில் தனக்குத் தெரியாத விசை வந்தால் மாற்றும் வேலையை அங்கேயே முடித்துக்கொள்ளும், வந்த விசையைச் சாதாரணமாக அழுத்தியதாக எடுத்துக்கொண்டு அதன் வேலையைச் செய்யும். எழுத்து விசையின் வேலை எழுத்தைப் பதிப்பது. ஆகவே முதல் ள கேள்வியை முடித்துவைத்துவிட்டுத் தானும் கோப்பில் ஏறிக்கொண்டது. பின்னால் வந்த ளவும் லவும் வழக்கம்போல் பதிந்தன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. மாற்றிக்கொண்டிருக்கும்போதே வேறு வேலை நினைவுக்கு வந்தால், நிறுத்தச் சொல்லி ஒரு விசை, வேலைக்கு ஒரு விசை என்று இரண்டு அழுத்த வேண்டாம். நேரே வேலையில் இறங்கிவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் தட்டுபவருக்கு அது வசதிதான். நம் மாதிரி இரண்டு விசைப்பலகைக்கு நடுவில் மாறி மாறி இருப்பவர்களுக்கு ஆபத்து. அதுவும் நான் திருத்திக்கொண்டிருந்த பிழையே தேவையில்லாத ளகரம். அதைத் திருத்தப் போன இடத்தில் இன்னொரு ளகரம் சேர்ந்தால் பின்னால் கண்ணில் படவே படாது. ஒரு முறை அப்படி ஒன்று தப்பி, குழுவில் மூத்தவரான அக்கா அச்சுப் பிரதியோடு ஒப்பிடும்போதுதான் கண்டுபிடித்தார். “தம்பி, ஓசிஆர் இப்படிப் பிழை விடாதே, இது யாரோ தட்டினதுதானே?” என்று கேட்டார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நாம் கை வைத்த பிறகு பிரதி முன்பைவிட மோசமாகிறது என்றால் நாம் எதற்கு?

ஒவ்வொரு முறையும் தேடல் சொல்லைத் தட்டியதும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுவது, நடுவில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டியிருந்தால் மறுபடி தமிழ், அப்புறம் மறுபடி ஆங்கிலம் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். பத்தில் ஒரு முறை மறந்துவிடும். மறதியை ஒழுக்கத்தால் சரிசெய்யலாம் என்று நினைத்தது தவறு. விசைதான் மாற வேண்டும்.

ஈமேக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்ட்ரோலோடு பின்சாய்வுக் கோட்டை அழுத்தி அதை ஏற்றிக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. கேள்வி கேட்கும் நேரத்தில் ஈமேக்ஸ் அந்த முறையை ஒதுக்கிவைத்து விசையை விசையாகவே வாங்கிக்கொள்ளும். ஈமேக்ஸிலேயே நாள் முழுக்க இருப்பவருக்கு அதுவே போதும். எனக்கு உலாவி, மின்னஞ்சல், கைபேசியோடு அரட்டை என்று எல்லாவற்றிலும் தமிழ் வேண்டும். ஒரு நிரலுக்கு மட்டும் தனி முறை வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கணினி முழுவதற்கும் ஒரே தமிழ்ப் பலகை என்று வைத்துக்கொண்டால், எடிட்டருக்குப் போய்ச் சேர்வது தமிழ் எழுத்துதான். அதற்கு விடை சொல்லத் தெரிந்த எடிட்டர் வேண்டும்.

அங்கேதான் ஈமேக்ஸின் அமைப்பு கைகொடுத்தது. கேட்டு மாற்றும் நேரத்துக்கென்று அதில் தனி விசை அட்டவணை இருக்கிறது. மற்ற அட்டவணைகளில் விசைக்கு எதிரே ஒரு கட்டளை இருக்கும். இதில் விசைக்கு எதிரே ஒரு விடை இருக்கிறது: செய், தவிர், நிறுத்து, பின்னால் போ, செய்ததை ரத்து செய், உதவி என்று பதினைந்துக்கும் மேற்பட்ட விடைகள். ‘ஒய்’ என்ற எழுத்துக்கும் ‘செய்’ என்ற விடைக்கும் உள்ள உறவு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மாற்றும் நிரலுக்குள் எங்கும் ‘ஒய்’ என்ற பேச்சே கிடையாது. எடிட்டர் எழுதும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். நிரலுக்குள் ‘ஒய் வந்தால் மாற்று’ என்று எழுதாதீர்கள். விசைக்கு விடை, விடைக்கு வேலை என்று இரண்டு படியாகப் பிரியுங்கள். அந்தப் பிரிவு இருந்தால் உங்களுக்குத் தெரியாத மொழிக்காரர் கூடத் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வார்.

அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதினேன். ள என்றால் செய், ல என்றால் தவிர். அவ்வளவுதான். விசைப்பலகை தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதே இடத்தில் அழுத்தினால் அதே விடை. அன்று மாலை இருநூறு இடங்களையும் ஒரே அமர்வில் முடித்தேன்.

முடித்த பிறகு வலது சுட்டுவிரல் வலித்தது. ‘ஒய்’ மேல் வரிசையில், ‘என்’ கீழ் வரிசையில். இரண்டுக்கும் அதே விரல்தான் ஏறி இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘எஸ்’, ‘நோ’ என்பதன் முதல் எழுத்துகள் என்பதால் அந்த விசைகள். தமிழ் எழுத்தையே விடையாகக் கொடுக்கலாம் என்று ஆன பிறகு அந்த இடத்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

தமிழ்99 பலகையைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் உயிர்கள் இடது கைக்கு, அதிகம் வரும் மெய்கள் வலது கைக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட முறை இது. நடு வரிசையில் வலது கை இருக்கும் இடத்தில் க, ப, ம, த, ந, ய என்று வரும். நான்கு விரல்களையும் அசைக்காமல் வைத்தால் அவற்றின் அடியில் இருப்பவை ப, ம, த, ந.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ம என்றால் மாற்று. த என்றால் தவிர். ந என்றால் நிறுத்து. ப என்றால் பின்செல். நான்கும் அந்த அந்த விரலின் அடியிலேயே இருக்கின்றன. வரிசையும் வேலைக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. அதிகம் தேவைப்படும் மாற்று, தவிர் இரண்டும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் வருகின்றன. எப்போதாவது தேவைப்படும் பின்செல், நிறுத்து இரண்டும் ஓரங்களில். சுட்டுவிரலைக் கொஞ்சம் இடதுபக்கம் நீட்டினால் க. அதற்குக் ‘கலை’ என்று வைத்தேன். கடைசியாகச் செய்த மாற்றத்தைக் கலைத்துவிடும். எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

இந்த ஐந்து விசைகளை வைத்த பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. கை தன் இடத்திலேயே இருப்பதால் கண் சொல்லை விட்டு நகர்வதில்லை. முன்பு பலகையைக் குனிந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில் ‘வெளக்கு’ எது, ‘மெளனம்’ எது என்ற கவனம் அறுந்துவிடும்.

அப்புறம் நான் செய்த தவறு. விசைகளை மாற்றும் ருசி வந்துவிட்டது. ஈமேக்ஸில் ஸ்பேஸ் விசையும் ‘செய்’ என்றே பொருள்படும். கட்டைவிரல் தெரியாமல் பட்டால் மாற்றம் நடந்துவிடுகிறதே என்று ஸ்பேஸைத் ‘தவிர்’ என்று மாற்றி வைத்தேன். தெரியாமல் பட்டால் ஒன்றும் நடக்காமல் நகரட்டும் என்ற நல்ல எண்ணம். இரண்டு நாள் கழித்து, திருத்தி முடித்த அத்தியாயத்தைப் பொதுக் கோப்புறையில் ஏற்றினேன். அக்கா திறந்து பார்த்தால் பழைய பிரதி. ஒரு திருத்தம்கூட இல்லை.

காரணம் தேட அரை நாள் ஆனது. அந்த விசை அட்டவணை தேடி மாற்றுவதற்கு மட்டும் உரியது அல்ல. ‘இந்தக் கோப்பைச் சேமிக்கவா?’ என்று ஈமேக்ஸ் கேட்கும் கேள்விகளும் அதே அட்டவணையைத்தான் பார்க்கின்றன. கோப்புகளைச் சேமிக்கும்போது ஸ்பேஸைத் தட்டி ஆமாம் சொல்வது என் கையின் பழக்கம். நான் தட்டிய ஸ்பேஸ் இப்போது ‘தவிர்’ என்று ஆகி, கோப்பு சேமிக்கப்படாமலேயே இருந்திருக்கிறது. திறந்திருந்த எடிட்டரில் திருத்தங்கள் பத்திரமாக இருந்ததால் எதுவும் போகவில்லை. ஆனாலும் வயிறு கலங்கிவிட்டது.

இதற்குச் சரியான வழி ஈமேக்ஸிலேயே இருந்தது; நான்தான் படிக்காமல் விட்டிருக்கிறேன். மாற்றும் வேலையைச் செய்யும் அடிப்படைச் செயல்கூறு (ஃபங்ஷன்), எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு உள்ளீடாக வாங்கிக்கொள்ளும். ஒன்றும் கொடுக்காவிட்டால்தான் பொது அட்டவணை. ஆகவே எனக்கென்று ஒரு புதிய அட்டவணை செய்து, பொது அட்டவணையை அதற்குத் தாயாக வைத்து, என் விசைகளை மட்டும் அதில் எழுதினேன். என் அட்டவணையில் இல்லாத விசை தாயிடம் போய்ப் பார்க்கும். அதை எடுத்துக்கொண்டு மாற்றும் வேலையை அழைக்கும் சின்னக் கட்டளை ஒன்று. அதற்கு ஒரு ஷார்ட்கட். பொது அட்டவணையில் கை வைத்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டேன். உங்கள் எடிட்டர் எதுவானாலும், ஒரு விசையை மாற்றுவதற்கு முன் அதே விசையை வேறு யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். எனக்கு அது ஒரு நாள் வேலையும் அக்காவின் ஒரு மாலையும் விலையாகக் கொடுத்துத் தெரிந்தது.

தெரியாத விசை கோப்பில் ஏறிக்கொள்ளும் பிரச்சினை இன்னும் மீதியிருந்தது. ப, ம, த, ந, க தவிர வேறு தமிழ் எழுத்தில் விரல் பட்டால் பழைய கதைதான். யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கியவை 128 இடங்கள். ஒரு சின்னச் சுழற்சி எழுதி அந்த 128க்கும் ‘திரையை நடுவில் கொண்டுவா’ என்ற விடையை முதலில் கொடுத்தேன்; அதன் மேல் என் ஐந்து எழுத்துகளை எழுதினேன். இப்போது தவறான எழுத்தில் விரல் பட்டால் திரை லேசாக நகரும், கேள்வி அப்படியே நிற்கும். தவறு நடந்ததும் தெரிகிறது, சேதமும் இல்லை.

இரண்டு சின்னக் குறிப்புகள். அந்த இடத்தில் ஈமேக்ஸ் ஒரே ஒரு விசையை மட்டும்தான் வாங்கிப் பார்க்கும். இரண்டு விசை சேர்ந்த தொடரை அட்டவணையில் எழுதினால் பலிக்காது. இன்னொன்று, கேள்விக்குறி அழுத்தினால் வரும் உதவிப் பக்கம் நிரலோடு எழுதிவைத்த உரை. நாம் விசையை மாற்றினாலும் அதில் பழைய ‘ஒய்’, ‘என்’ தான் இருக்கும். என் கட்டளையில் உதவி உரையையும் தமிழில் எழுதிச் சேர்த்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து நானே மறந்துபோனால் கேட்க ஆள் வேண்டுமே.

கன்ட்ரோலோடு சேர்ந்த விசைகள் தனிக் கதை. பலகை தமிழில் இருக்கும்போது தேடலுக்கான கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ‘கன்ட்ரோல்-இ’ என்று போய், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரும். ரஷ்ய எழுத்தில் தட்டுபவர்களுக்கும் இதே தொல்லை. அவர்கள் பயன்படுத்தும் ‘ரிவர்ஸ்-இம்’ என்ற நீட்சியின் யோசனையைப் பார்த்து, எனக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு விசைகளுக்கு மட்டும் தமிழ் இணைகளை எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு ஈமேக்ஸ் வேண்டாம். “தம்பி, எனக்கு உலாவியில திறந்தா வேலை நடக்கணும், அவ்வளவுதான்” என்றார். குழுவில் நிரல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால், கோட்மிரர் என்ற திறமூல எடிட்டரை வைத்து எங்களுக்கென்று ஒரு சின்னத் திருத்தும் பக்கம் செய்தேன். கோட்மிரரின் ஆறாம் பதிப்பில் விசைகளுக்கு ‘எல்லை’ என்ற ஏற்பாடு நன்றாக இருக்கிறது. ஒரு விசை எழுதும் பகுதியில் மட்டும் வேலை செய்ய வேண்டுமா, தேடல் பட்டியில் இருக்கும்போதும் செய்ய வேண்டுமா என்று ஒவ்வொரு விசைக்கும் சொல்லலாம். கன்ட்ரோலோடு தமிழ் எழுத்து வந்தால் விசையின் எண்ணைப் பார்த்து ஆங்கில இடத்தோடு ஒப்பிடும் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. குழுவில் இன்னொருவர் விஎஸ் கோட் என்ற எடிட்டரைப் பயன்படுத்துகிறார். அதிலும் தேடல் பெட்டியில் கர்சர் இருக்கும்போது மட்டும் என்று நிபந்தனை போட்டு விசை அமைக்கலாம்.

ஆனால் இவை இரண்டிலும் ஈமேக்ஸ் மாதிரி ஒவ்வொரு இடமாக நின்று கேட்கும் நிலை கிடையாது. கர்சர் தேடல் பெட்டிக்குள் இருக்கிறது; ம தட்டினால் பெட்டிக்குள் ம விழும். எனவே எங்கள் பக்கத்தில் ஒரு தனி நிலையைச் சேர்த்தேன். தேடலைத் தொடங்கியதும் பெட்டிகள் மூடிக்கொள்ளும், எழுதும் பகுதி பூட்டிக்கொள்ளும், கீழே ஒரு பட்டை மட்டும் விடைக்குக் காத்திருக்கும். தெரியாத விசை எதுவும் கோப்புக்குள் போக வழியே இல்லை. பட்டை சிவந்து காட்டும், அவ்வளவுதான்.

என் ப, ம, த, ந ஐந்து நிமிஷத்தில் அக்காவிடம் தோற்றுப்போனது. அவர் தட்டுவது அஞ்சல் என்ற விசைப்பலகை முறையில், ஆங்கில ஒலிப்புப்படி. அவருக்குத் த வர மூன்று விசை தட்ட வேண்டும். ம தட்டினால் முதலில் ம் வரும். இன்னொரு விசை தட்டினால்தான் புள்ளி போகும். ஒற்றை எழுத்து விடை என்பதே அவருக்குப் பொருந்தாது. எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த ஏற்பாடு இன்னொருவர் கைக்கு உதவவில்லை. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கையில் அச்சுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கிறார். வலது கை மட்டும்தான் விசைப்பலகையில், அதுவும் வலது ஓரத்து எண் விசைகளின் மேல். வருஷக்கணக்காகக் கணக்கு எழுதிய கை. “ஒண்ணு மாத்து, ரெண்டு விட்டுடு, பூஜ்யம் பின்னாடி போ. இது போதும் எனக்கு” என்றார்.

அதனால் பக்கத்தில் விசை அமைப்பை ஒவ்வொருவரும் தானே வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ஒவ்வொரு விடைக்கும் எதிரே ஒரு கட்டம். அதில் கர்சரை வைத்து விரும்பிய விசையை அழுத்தினால் அது பதிந்துகொள்ளும். ஒரு விடைக்கு எத்தனை விசை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரே விசையை இரண்டு விடைக்குக் கொடுத்தால் ஏற்காது. எஸ்கேப் மட்டும் எப்போதும் நிறுத்துவதற்குத்தான், அதை யாரும் மாற்ற முடியாது. எந்தக் குழப்பத்திலும் வெளியே வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். கன்ட்ரோல்-டபிள்யூ, கன்ட்ரோல்-டி போன்றவற்றை உலாவி தனக்கென்று வைத்துக்கொள்வதால் அவற்றைப் பதியும்போதே மறுத்துவிடும்படி செய்தேன். வைக்க விட்டுவிட்டால், ஒரு நாள் அழுத்தும்போது பக்கமே மூடிக்கொள்ளும்.

உலாவி ஒரு விசையைப் பற்றி இரண்டு தகவல் தருகிறது: எந்த எழுத்து வந்தது, பலகையில் எந்த இடம். முதலில் எழுத்தை மட்டும் பார்த்தேன். அக்காவின் எண் பகுதியிலிருந்து வரும் 1க்கும் மேல் வரிசை 1க்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு இடத்தை மட்டும் பார்த்தேன். எனக்கு ம என்பது இடம் அல்ல, எழுத்து; ஆங்கிலப் பலகையில் அதே இடத்தில் விரல் பட்டால் அது வேலை செய்யக்கூடாது என்பது என் விருப்பம். கடைசியில் பதியும்போதே இரண்டில் எதை வைத்து அடையாளம் காண வேண்டும் என்று கேட்கும் ஒரு தேர்வைச் சேர்த்தேன். இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முடிவு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

எழுத்தைக் கோடிட்டுப் பிடித்துவைத்து, அடுத்த விசை வந்த பிறகே முடிவுசெய்யும் உள்ளீட்டு முறைகளில் இன்னொரு பொறி உண்டு. மாற்றுச் சொல்லைத் தட்டி, அந்தக் கோடிட்ட எழுத்தை உறுதிசெய்ய என்டர் அழுத்துவோம். அந்த என்டரைப் பக்கம் ‘மாற்று’ என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சொல்லோடு மாற்றம் நடந்துவிடும். எழுத்துச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கிறதா என்று உலாவி ஒரு அடையாளம் தரும். சஃபாரியில் சேர்க்கையை முடிக்கும் என்டரில் அந்த அடையாளம் இல்லாமலே வரும். விசை எண் மட்டும் 229 என்று இருக்கும். ஆகவே இரண்டையும் பார்க்க வேண்டும். தமிழ், சீனம், ஜப்பானியம் என எந்த மொழிக்காரர் பயன்படுத்தும் பெட்டியிலும் இந்தச் சோதனை இல்லாவிட்டால் பிழை உறுதி.

இப்போது எங்கள் கையில் இருப்பது ரகரமும் துணைக்காலும் குழம்பிய ஒரு புத்தகம். பழைய அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ‘கெள’ மாதிரி இல்லை இது; சொல்லைப் படித்தாலும் சில இடங்களில் முடிவுசெய்ய முடியாது. மாற்று, தவிர் என்ற இரண்டு விடையும் அங்கே போதவில்லை. சந்தேகத்தோடு தவிர்த்தால் அந்த இடம் மறந்துபோகும், சந்தேகத்தோடு மாற்றினால் பிழையாகலாம். நடு வரிசையில் நகரத்துக்கு அடுத்து, சுண்டுவிரல் எட்டும் இடத்தில் ய இருக்கிறது. அதை ‘யோசி’ என்று வைத்தேன். ஈமேக்ஸின் அட்டவணையில் விடைக்குப் பதிலாக நாமே எழுதிய கட்டளையையும் வைக்கலாம் என்பதால், அழுத்தியதும் அந்த வரியையும் வரி எண்ணையும் தனிக் கோப்பில் எழுதிக்கொள்கிறது. பிறகு த அழுத்தி நகர்கிறேன். உலாவிப் பக்கத்தில் அக்காவுக்கு அதே வேலையை எண் பகுதியின் 3 செய்கிறது. நேற்று இரவு வரை அந்தக் கோப்பில் 41 வரிகள் சேர்ந்திருந்தன. அச்சுப் பிரதி அக்காவிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.